மூன்றாவது பேட்டரி வாங்குவதற்கு முன்

ஐந்து மாதங்களுக்குள் இரண்டு பேட்டரிகளை மாற்றிய பிறகும் என் மோட்டார் சைக்கிள் மாலை வேளைகளில் கிளம்ப மறுத்தது. மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வீட்டு வாசலில் காலையில் பொத்தானைத் தொட்டவுடன் எழுந்துகொள்ளும் அதே எஞ்சின், பினாங்குப் பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையின் நிறுத்துமிடத்தில் ஒன்பது மணி நேரம் நின்றுவிட்டால், மாலையில் ஸ்டார்ட்டர் ரிலேயின் 'டிக், டிக்' சத்தத்தை மட்டுமே தரும். கார்புரேட்டர் வண்டி என்பதால் இரண்டாம் கியரில் தள்ளிக் கிளட்சை விட்டால் எப்படியோ உயிர் பெற்றுவிடும். தள்ளிவிட்ட காவலாளிகள் இருவருக்கும் நான் வாங்கிக் கொடுத்த தே தாரிக்கை (ஆற்றித் தரும் பால் தேநீர்) எண்ணினால், அதுவே ஒரு நல்ல மல்டிமீட்டரின் விலையைத் தொட்டிருக்கும்.

வண்டி 400 சிசி, நான்கு சிலிண்டர், வயது ஏறத்தாழ இருபது. நான் பிழைப்புக்காகச் செய்வது தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு. அங்கே ஒரு மோட்டார் சூடானால் அளந்து பார்க்காமல் எதையும் கழற்ற விடமாட்டோம். சொந்த வண்டிக்கு மட்டும் அளக்காமலே இரண்டு பேட்டரி வாங்கினேன் என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். முதல் பேட்டரியை நானே மாற்றினேன். இரண்டாவதை மாற்றிய பட்டறையில், 'ரெக்டிஃபையரும் போயிருக்கும் அண்ணே' என்று சொல்லி 85 ரிங்கிட்டுக்கு ஒரு புதிய ரெகுலேட்டரையும் (ரெக்டிஃபையர் இருப்பது அதே பெட்டிக்குள்தான்) பூட்டி அனுப்பினார்கள். பட்டறையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஏனெனில் வாசலில் பத்து வண்டிகள் காத்திருக்கும் இடத்தில், ஓடிச் சூடான பிறகே காட்டும் கோளாற்றை உட்கார்ந்து தேட யாருக்கும் நேரம் கிடையாது. ஆனால் கழற்றிய பழைய ரெகுலேட்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். இந்த முழுக் கதையிலும் நான் அறிவோடு செய்த முதல் காரியம் அதுதான்.

அளவுகளுக்குப் போகும் முன், எங்கே எதை அளக்கிறோம் என்பது விளங்க வேண்டும். கிராங்க் தண்டின் முனையில் காந்தங்கள் பதித்த ரோட்டர் சுழல்கிறது. அதனுள்ளே அசையாமல் இருக்கும் ஸ்டேட்டரின் செப்புச் சுருள்களில் மாறுதிசை மின்சாரம் பிறக்கிறது. பட்டறைகளில் இதைக் 'காயில்' என்றே சொல்வார்கள். என் வண்டியில் அதிலிருந்து மூன்று மஞ்சள் கம்பிகள் வெளியே வருகின்றன. வேறு தயாரிப்புகளில் அவை வெள்ளையாகவும் இருக்கும். இந்த மூன்றும் ரெகுலேட்டருக்குள் நுழைய, அது மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கி, சுமார் 14 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாமல் பிடித்து, பேட்டரிக்கும் விளக்குகளுக்கும் அனுப்புகிறது. காந்தம் நிலையானது என்பதால் மின் உற்பத்தியைக் குறைக்கும் குமிழ் எதுவும் இதில் கிடையாது. எஞ்சின் வேகம் ஏற ஏற மின்னழுத்தமும் ஏறிக்கொண்டே போகும். மிஞ்சுவதை என்ன செய்வது என்பது ரெகுலேட்டரின் பாடு. அந்தப் பாடு எப்படிப்பட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன், ஏனெனில் என் ஸ்டேட்டரின் கதையில் அதற்கும் பங்கு உண்டு.

ஒரு சனிக்கிழமை காலை பேட்டரியிலிருந்து தொடங்கினேன். வெளிச் சார்ஜரில் இரவு முழுவதும் ஏற்றி, கழற்றி மூன்று மணி நேரம் ஓய்வில் வைத்த பிறகு 12.78 வோல்ட் இருந்தது. ஓய்வில் 12.7-க்கு மேல் என்றால் முழுச் சார்ஜ் என்றும், 12.0-க்கு அருகில் என்றால் கால்பங்குதான் மிச்சம் என்றும் பொதுவாகக் கொள்ளலாம். ஆனால் ஓய்வில் நல்ல எண்ணைக் காட்டிவிட்டுச் சுமை வந்ததும் படுத்துக்கொள்ளும் பேட்டரிகள் உண்டு. ஆகவே ஸ்டார்ட்டரை அழுத்தியபடி மறுபடியும் பார்த்தேன். 10.6 வரை இறங்கி, எஞ்சின் பிடித்ததும் மேலே வந்தது. பத்துக்குக் கீழே போயிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். பேட்டரி நிரபராதி, ஆக முதலில் தூக்கியெறிந்த பேட்டரியும் பெரும்பாலும் நிரபராதியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அடுத்து, வண்டி நிற்கும்போது மின்சாரம் கசிகிறதா என்ற கேள்வி. பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் இடையில் மீட்டரை ஆம்பியர் அளவையில் வைத்து, சாவி அணைந்த நிலையில் பார்த்தால் 18 மில்லி ஆம்பியர் ஓடியது. திருட்டுக்குப் பயந்து நான் பொருத்திய ஜி.பி.எஸ். கருவிதான் அதைக் குடிக்கிறது. என் பேட்டரி 8 ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையது. 18 மில்லி ஆம்பியர் வீதம் அதை முழுவதும் காலியாக்கப் பதினெட்டு நாட்கள் ஆகும். ஒன்பது மணி நேரத்தில் போகக்கூடியது மிகச் சொற்பம். இதைச் செய்யும்போது பழக்க தோஷத்தில் சாவியைத் திருப்பிவிட்டேன், விளக்கின் முழுச் சுமையும் மீட்டருக்குள் பாய்ந்து அதன் உள் ஃபியூஸ் போயிற்று. சுங்கை டுவா வரை போய் ஒரு சின்னக் கண்ணாடி ஃபியூஸ் வாங்கி வர ஒரு மணி நேரம் வீணானது.

திரும்பி வந்து பழைய ரெகுலேட்டரை மேசையில் வைத்து, அதனுள்ளே மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகளை மீட்டரின் டயோடு அளவையில் சோதித்தேன். மூன்று மஞ்சள் முனைகளில் ஒவ்வொன்றிலிருந்தும் நேர்முனைக்கு ஒரு திசையில் 0.48 அளவில் காட்டியது, மீட்டரின் கோல்களை இடம் மாற்றினால் எதுவும் காட்டவில்லை. எதிர்முனைப் பக்கமும் அதே ஒழுங்குதான். டயோடுகள் ஆறும் நலம். இந்தச் சோதனை மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாகத்தைப் பற்றி எதுவும் சொல்லாது என்பது உண்மையே. ஆனாலும் 'ரெக்டிஃபையர் போயிருக்கும்' என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்பது தெளிவானது. பழையதையே மறுபடி பூட்டினேன்.

இப்போது எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரி முனைகளிலேயே மீட்டரை வைத்தேன். ஐட்லிங்கில் 12.7, நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றில் 13.2. சரியான வண்டியில் இந்த இரண்டாவது எண் 13.8 முதல் 14.8-க்குள் எங்காவது இருக்கும். துல்லியமான எல்லையை அந்தந்த வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். மலேசியாவில் 1992 முதல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும் என்பது சட்டம் என்பதால், விளக்கை அணைத்துவிட்டு எடுக்கும் அளவு நமக்கு எந்தப் பயனும் தராது. எரியும் 55 வாட் பல்பு, பின்விளக்கு, பற்றவைப்புச் சுருள்கள், நெரிசலில் ஓடும் ரேடியேட்டர் விசிறி என எல்லாம் குடித்தது போக மிஞ்சுவதுதான் பேட்டரிக்கு. 13.2 வோல்ட்டில் பேட்டரி பட்டினி கிடக்காது. ஆனால் வயிறும் நிறையாது.

இந்த இடத்தில் பழைய மெக்கானிக்குகள் சிலர் செய்யும் ஒரு காரியத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. எஞ்சின் ஓடும்போதே பேட்டரிக் கம்பியைக் கழற்றி, எஞ்சின் நிற்காவிட்டால் 'சார்ஜிங் நன்றாக இருக்கிறது' என்று தீர்ப்புச் சொல்வார்கள். மின்னழுத்தத் துள்ளல்களை உறிஞ்சிக்கொண்டிருக்கும் பேட்டரியை அப்படித் திடீரென்று பிரித்தால், அந்தத் துள்ளல், இ.சி.யு. எனப்படும் எஞ்சின் கணினி உள்ள வண்டிகளில் அது வரை போய்த் தாக்கலாம். பத்து ரிங்கிட் மீட்டர் சொல்லிவிடும் விஷயத்துக்கு ஏன் அந்தச் சூதாட்டம்?

பேட்டரியில் 13.2 என்றால் ரெகுலேட்டரின் வாயில் எவ்வளவு என்று பார்ப்பதே அடுத்த முறையான கேள்வி. கனெக்டரின் பின்புறம் வழியாக ஊசிமுனைக் கோலைச் செருகி, ரெகுலேட்டரின் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவே அளந்தபோது 14.2 இருந்தது. ரெகுலேட்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, பேட்டரிக்குப் போகும் வழியில் ஒரு வோல்ட் காணாமல் போகிறது என்பதே இதன் பொருள். எங்கே காணாமல் போகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க, மீட்டரின் ஒரு கோலை ரெகுலேட்டரின் நேர்முனையிலும் மற்றதைப் பேட்டரியின் நேர்முனையிலும் வைத்தேன்: 0.68 வோல்ட். எதிர்முனைப் பக்கம் அதேபோல வைத்தபோது 0.31. இரண்டும் சேர்ந்தால் காணாமல் போன ஒரு வோல்ட்டும் கணக்கில் வந்துவிடுகிறது. பக்கத்துக்கு 0.2-க்கு மேல் போகக்கூடாது என்று நான் வைத்துக்கொள்வேன்.

பலரும் இந்தச் சோதனையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கம்பியின் மின்தடையை ஓம் அளவையில் பார்த்தால் 'எல்லாம் சரி' என்றுதான் மீட்டர் சொல்லும். தொழிற்சாலையிலிருந்து இரவல் வாங்கிய, கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் அந்தக் கம்பியில் 9 ஆம்பியர் ஓடுவதைப் பார்த்தேன்; 0.68-ஐ ஒன்பதால் வகுத்தால் மின்தடை 0.08 ஓமுக்கும் குறைவு. மீட்டரின் கோல்களுக்கே 0.2 ஓம் இருக்கும்போது அதைக் கண்டுபிடிக்க அதனால் இயலாது. ஆனால் 0.68 வோல்ட்டை 9 ஆம்பியரால் பெருக்கினால் ஆறு வாட் வெப்பம். அரிசிமணி அகலமுள்ள ஒரு தொடுபுள்ளியில் ஆறு வாட் வண்டி ஓடும் நேரமெல்லாம் எரிந்தால் பிளாஸ்டிக் எத்தனை நாள் தாங்கும்?

இருக்கைக்கு அடியில் அந்தக் கனெக்டரைப் பிரிக்க முயன்றபோது அது பிரியவில்லை. இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன. வெள்ளைப் பிளாஸ்டிக் நேர்முனைக் கம்பி நுழையும் மூலையில் மட்டும் தோசைக்கல்லின் ஓரம் போலப் பழுப்பேறி, அதற்குள் இருந்த செப்பு முனையில் பச்சைப் பூஞ்சை போன்ற களிம்பு படிந்திருந்தது. கம்பியின் உறையை நகத்தால் வளைத்தபோது கெட்டியாக முறிந்தது. உள்ளே செப்பு இழைகள் கறுத்து, பத்து சென்டிமீட்டர் தூரம் வெட்டிய பிறகே பளபளப்பான செம்பு கண்ணில் பட்டது. மழையும், பாலத்தின் மேல் அடிக்கும் கடற்காற்றும், மாதம் இருமுறை வண்டி கழுவும் கடையில் இருக்கைக்கு அடியில் வரை பீய்ச்சியடிக்கும் தண்ணீரும் சேர்ந்து செய்த வேலை அது. மூன்று மஞ்சள் கம்பிகளின் கனெக்டரும் இதே நிலைக்குப் பாதி வழி வந்திருந்தது.

சரிசெய்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கறுத்த பகுதியை வெட்டியெறிந்து, புதிய முனைகளைச் சரியான கிரிம்பிங் இடுக்கியால் நெரித்துப் பூட்டி, மின்காப்புக் கிரீஸ் தடவி, நீர் புகாத கனெக்டர் போட்டேன். ஈயம் ஊற்றி ஒட்டவில்லை. அதிர்வுள்ள இடத்தில் ஈயம் முடிந்து வெறும் இழை தொடங்கும் புள்ளியில் கம்பி முறியும். அதோடு, ரெகுலேட்டரின் வெளியீட்டிலிருந்து பேட்டரிக்கு நேராக 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இரு முனைக்கும் தனி வழி போட்டு, நேர்முனையில் பேட்டரிக்கு அருகிலேயே 30 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தேன். ஐயாயிரம் சுற்றில் பேட்டரியில் 14.1 வோல்ட் வந்தது. அன்று மாலை வண்டியைக் கழுவி, துடைத்து, வேலை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

நான்காவது நாள் மாலை, நிறுத்துமிடத்தில் மறுபடியும் 'டிக், டிக்'.

இம்முறை கோபம் வரவில்லை. வீட்டில் எடுத்த அளவு ஒவ்வொன்றும் உண்மை, ஆனால் எல்லாம் எஞ்சின் ஆறிய நிலையில் எடுத்தவை. வண்டி தகராறு செய்வதோ நெரிசலில் வெந்த பிறகு. ஆகவே 15 ரிங்கிட்டுக்கு ஒரு சின்ன டிஜிட்டல் வோல்ட்மீட்டர் வாங்கி, பேட்டரியிலிருந்தே நேராகக் கம்பி இழுத்து, ஹேண்டில்பாரில் கட்டினேன். மறுநாள் காலை வீட்டிலிருந்து கிளம்பும்போது 14.1. பிறை என்ற ஊரில், பாலத்தின் சுங்கச்சாவடியில் 14.1. மோட்டார் சைக்கிள்களுக்கு 2019 முதல் சுங்கக் கட்டணம் இல்லாததால் அங்கே நிற்க வேண்டிய தேவையும் இல்லை, ஓடியபடியே பார்த்தேன். பாலத்தின் நடுவே, உயர்ந்த பகுதியை நெருங்கும்போது வழக்கமான நெரிசல். விசிறி சுழலத் தொடங்கி 13.7. தீவுப் பக்கம் இறங்கும்போது 13.1. பாயான் லெப்பாஸ் சமிக்ஞை விளக்குகளில் நின்று நின்று போகையில் 12.6, அதன் பிறகு வேகமெடுத்தும் 12.8-ஐத் தாண்டவில்லை. மறுநாள் காலை ஆறிய வண்டியில் மறுபடி 14.1. மூன்று நாட்கள் இதே வரிசை மாறாமல் வந்தது. கனெக்டர் கோளாறாக இருந்தால் குலுக்கலுக்கும் மழைக்கும் ஏற்பக் கண்டபடி துள்ளும். இப்படிக் கடிகாரம் போல வெப்பத்தோடு இறங்குவது சுருளின் மின்காப்பு நெகிழ்வதற்கான அடையாளம்.

ஞாயிற்றுக்கிழமை தீவில் இருக்கும் தண்ணீர்மலை வரை போய், நகர நெரிசலில் வேண்டுமென்றே நாற்பது நிமிடம் சுற்றி, வீடு திரும்பியவுடன் எஞ்சின் ஆறுவதற்குள் மஞ்சள் கனெக்டரைப் பிரித்தேன். ஐயாயிரம் சுற்றில் மூன்று கம்பிகளை இரண்டிரண்டாக அளந்தால் 61, 61, 62 வோல்ட், மாறுதிசையில். மூன்றும் சமம். (இந்த மின்னழுத்தம் கையில் பட்டால் உறைக்கும், ரப்பர் கையுறை இல்லாமல் செய்யக்கூடாது.) இந்த ஒரு சோதனையோடு நிறுத்துகிறவர் 'காயில் நன்றாக இருக்கிறது' என்று சத்தியமே செய்வார். ஆனால் சுருள் ஒரே ஓர் இடத்தில் மட்டும் எஞ்சின் உடலைத் தொட்டால், கனெக்டர் பிரிந்திருக்கும் நிலையில் மின்சாரம் திரும்பி வர வேறு வழி இல்லாததால், கம்பிகளுக்கு இடையிலான மின்னழுத்தம் சிறிதும் மாறாது. கனெக்டரை மாட்டியதும் நிலை வேறு: ரெகுலேட்டரின் எதிர்முனையும் எஞ்சின் உடலோடு சேர்ந்திருப்பதால், சுருளின் ஒரு பகுதி டயோடுகள் வழியாகத் தனக்குள்ளேயே சுற்றி எரிந்து, வெளியே வரவேண்டியது குறைந்துபோகும்.

ஆகவே ஒவ்வொரு கம்பிக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவே அளந்தேன். 18, 47, 48 வோல்ட். எஞ்சின் உடலோடு தொடர்பே இல்லாத ஆரோக்கியமான சுருளில் இப்படி உறுதியான, சமனற்ற எண்கள் வரக்கூடாது. மூன்று சுருள்களும் ஒரே நடுப்புள்ளியில் சேரும் நட்சத்திர இணைப்பில் கம்பிகளுக்கு இடையே 62 வோல்ட் என்றால் ஒரு கட்டத்துக்கு, அதாவது அந்த மூன்றில் ஒரு சுருளுக்கு, 36. முதல் கம்பி 18-ஐக் காட்டுகிறது, அதாவது அந்தக் கட்டத்தின் சரிபாதியில் சுருள் இரும்பைத் தொட்டிருக்கிறது. அப்படியானால் மற்ற இரண்டும் 47-க்கும் 48-க்கும் இடையில் வரவேண்டும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது அப்படியே வந்தது. வண்டியைத் திறக்காமலே கோளாற்றின் இருப்பிடம் தெரிந்த அந்த நிமிடத்தில் எனக்கு உண்டான சந்தோஷத்தை வீட்டில் யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை.

எஞ்சினை நிறுத்தி ஓம் அளவையில் வைத்தேன். மஞ்சள் கம்பிக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவே 2.1 ஓம். எதுவும் காட்டவே கூடாத இடம் அது. அப்படியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் 40 ஆனது. எஞ்சின் ஆற ஆற நூறுகளுக்கு ஏறி, அரை மணி நேரம் கழித்து மீட்டர் 'ஓ.எல்.' (அளவைக்கு மேல், அதாவது தொடர்பே இல்லை) என்று காட்டி, குற்றமே நடக்காதது போல ஆகிவிட்டது. முதல் சனிக்கிழமை நான் இதே சோதனையைச் செய்திருந்தாலும் பார்த்திருக்கக்கூடியது இந்த 'ஓ.எல்.' மட்டுமே.

ஸ்டேட்டர் என் வண்டியில் இடப்பக்க மூடியின் உட்புறத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. எண்ணெயை வடித்து, போல்ட்டுகளைக் கழற்றி, எந்தப் போல்ட் எந்தத் துளைக்கு என்று ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து அதிலேயே குத்தி வைத்தேன். அவற்றின் நீளங்கள் வேறு வேறு. மூடியை இழுக்கும்போது காந்தம் அதை விடாது. விட்ட கணத்தில் மறுபடி பிடித்திழுக்கும். விரலை ஓரத்தில் வைத்திருந்த எனக்கு இடக்கைச் சுட்டுவிரலில் இரண்டு வாரம் நீலம் கட்டியிருந்தது. வெளியே வந்த ஸ்டேட்டரில் பதினெட்டுத் துருவங்கள். பெரும்பாலானவை தேன் நிறத்தில் இருக்க, அடுத்தடுத்து ஐந்து துருவங்கள் மட்டும் கறுத்து, பூச்சு அப்பளம் போல உப்பி, தொட்டால் உதிர்ந்தது. எரிந்த எண்ணெயும் எரிந்த வார்னிஷும் கலந்த அந்த வாடை இரண்டு நாட்கள் கையை விட்டுப் போகவில்லை.

புதிய ஸ்டேட்டருக்கு விசாரித்த இடத்தில் தொள்ளாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் சொல்லி, ஆறு வாரம் காத்திருக்கவும் சொன்னார்கள். பிறையில் தொழிற்சாலை மோட்டார்களுக்குச் சுருள் கட்டிக்கொடுக்கும் ஒரு சீனப் பெரியவரின் கடை எனக்கு வேலை வழியாகப் பழக்கம். தவுக்கே (கடை முதலாளியை அப்படித்தான் அழைப்போம்) முதலில் மின்காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகரை எடுத்து, ஆறிக் கிடந்த ஸ்டேட்டரின் கம்பிக்கும் இரும்புக்கும் இடையில் வைத்தார். முள் பூஜ்யத்திலேயே படுத்துக்கிடந்தது. மல்டிமீட்டர் தன் சிறிய பேட்டரியால் தட்டிப் பார்க்கும் கதவை மெகர் 500 வோல்ட்டால் இடித்துப் பார்க்கிறது. ஆறிய நிலையிலும் அதனிடம் பொய் சொல்ல முடியவில்லை. மெகர் கையில் இருந்தால் வண்டியைச் சூடாக்கி ஊர் சுற்ற வேண்டியதே இல்லை. ஆனால் ரெகுலேட்டரிலிருந்து கம்பிகளைப் பிரித்த பிறகே அதை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் டயோடுகள் பலியாகும்.

அவர் பழைய சுருளை அவிழ்க்கும்போது ஒவ்வொரு துருவத்திலும் சுற்றுகளை உரக்க எண்ணி, சுற்றிய திசையைச் சுண்ணாம்புக்கட்டியால் அம்புக்குறி போட்டு வைத்தார். ஒரு கட்டத்துக்கு ஆறு துருவங்கள். பழுதான கட்டத்தில் மூன்றாவதிலிருந்து நான்காவதற்குக் கம்பி தாவும் இடத்தில், இரும்பின் மூலையைப் போர்த்தியிருந்த எபாக்சிப் பூச்சு மிளகளவுக்குப் பெயர்ந்து, கம்பி நேராக இரும்பில் உரசியிருந்தது. காகிதத்தில் நான் போட்ட கணக்கு சொன்ன இடம் அதுவே. தவுக்கேயிடம் அதைப் பெருமையாகச் சொன்னபோது, 'எப்படியும் எல்லாவற்றையும் அவிழ்க்கத்தானே போகிறோம்' என்றார்.

அவரோடு எனக்கு ஒரே ஒரு வாக்குவாதம், அது வார்னிஷைப் பற்றியது. அவர் கடையில் பம்பு மோட்டாருக்கும் விசிறிக்கும் பூசும் சாதாரண வார்னிஷ், நூறு பாகையைத் தாண்டும் எஞ்சின் எண்ணெயில் நாளெல்லாம் குளித்தால் ஊறிக் கரைந்துவிடும். பிறகு அந்தப் பிசுபிசுப்பு எண்ணெய் வடிகட்டியில் போய்ச் சேரும். 200 பாகை தாங்கும் எனாமல் கம்பியும், எண்ணெய் தாங்கும் எபாக்சியும்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். எபாக்சியை நானே வாங்கி வந்தால் பூசி அடுப்பில் வேகவைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். கம்பி முனைகளை மூடும் உறைகூட சாதாரணச் சுருங்கு குழாய் அல்ல, கண்ணாடி இழைக் குழாய். கூலி 280 ரிங்கிட். எடுத்து வரும் முன் அவர் கண்ணெதிரேயே மெகர் வைத்துப் பார்த்தோம். முள் மறு முனைக்குப் போய் நின்றது.

ரெகுலேட்டரின் பாடு என்று முன்னால் சொன்னதை இப்போது எடுத்துக்கொள்கிறேன். என் வண்டியோடு வந்தது ஷண்ட் வகை. பேட்டரிக்குப் போதும் என்றானதும், மிஞ்சும் மின்சாரத்தை அது நிறுத்துவதில்லை. ஸ்டேட்டரின் கம்பிகளையே ஒன்றோடொன்று ஷார்ட் செய்து, அந்த மின்சாரத்தைச் சுருளுக்குள்ளேயே சுற்றவிடுகிறது. ஆகவே விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் ஸ்டேட்டர் எப்போதும் முழுச் சுமையில் வேகிறது. மஞ்சள் கம்பி ஒன்றில் கிளாம்பை மாட்டி ஐயாயிரம் சுற்றில் பார்த்தபோது, குறைந்த ஒளியிலும் அதிக ஒளியிலும் 17 ஆம்பியரே ஓடியது. 'எல்.இ.டி. பல்பு போடு, காயிலுக்குச் சுமை குறையும்' என்று சக ஊழியர் ஒருவர் சொல்லி நானும் ஒரு காலத்தில் நம்பினேன். ஷண்ட் ரெகுலேட்டர் உள்ள வண்டியில் விளக்கில் மிச்சமாவது அப்படியே ஷார்ட்டில் போகிறது. சுருளுக்கு ஒரு பாகைகூடக் குளிர்ச்சி கிடைக்காது. ஐட்லிங்கில் நிற்கும்போது பேட்டரிக்கு அது உதவும் என்பது வேறு விஷயம்.

தொடர் வகை ரெகுலேட்டர் இதற்கு நேர்மாறு: வேண்டாதபோது வழியைத் துண்டித்துவிடும். அதைப் பூட்டிய பின் அதே மஞ்சள் கம்பியில் 10 ஆம்பியராகக் குறைந்தது. குறை ஒன்று உண்டு. துண்டிக்கும் கணங்களில் சுருளின் முழு மின்னழுத்தமும் அதன் மின்காப்பின் மேல் நிற்கிறது, அதிகச் சுற்றில் அது நூறு வோல்ட்டையும் தாண்டும். பூச்சு உதிர்ந்த பழைய ஸ்டேட்டரில் இதைப் போட்டிருக்க மாட்டேன். புதிதாகச் சுற்றியதில் துணிந்து போட்டேன். விலை 390 ரிங்கிட், காற்று படும் இடத்தில் பூட்ட ஒரு அலுமினியத் தகடு நானே வெட்டியது. உருகிய கனெக்டர்தான் ஸ்டேட்டரைக் கொன்றதா, அல்லது இரண்டும் தனித்தனியே வந்த முதுமையா என்று கேட்ட நண்பரிடம், இருபது வருடம் முழுச் சுமையில் வெந்த சுருளுக்கு வேறு கொலையாளி தேவையில்லை என்றுதான் சொன்னேன்.

வண்டியைச் சேர்த்து ஏழு வாரங்கள் ஆகின்றன. ஹேண்டில்பாரில் அந்த 15 ரிங்கிட் வோல்ட்மீட்டரைக் கழற்றவில்லை. பாலத்தின் நடுவே நெரிசலில் விசிறி ஓடும்போது 13.6, நகரத் தொடங்கியதும் 14.2, பாயான் லெப்பாஸில் சாவியை அணைக்கும்போது 14.2. மாலையில் ஒரே தொடுதலில் எஞ்சின் எழுகிறது; காவலாளிகளில் மூத்தவர் இப்போது என்னைக் கண்டால் தம் காலியான கோப்பையைத் தூக்கிக் காட்டுகிறார். மிச்சமிருப்பது ஒரு சின்ன வேலை: இடப்பக்க மூடியின் கீழ் மூலையில், கம்பிகள் வெளியே வரும் ரப்பர் அடைப்பை ஒட்டி, இரவில் ஒரு சொட்டு எண்ணெய் கசிகிறது. அந்த அடைப்பில் சீலன்ட் பூச மறந்துவிட்டேன். அடுத்த முறை எண்ணெய் மாற்றும்போது மூடியை மறுபடி திறக்க வேண்டும். விரலை எங்கே வைக்கக்கூடாது என்பது இப்போது தெரியும்.